வீடியோ போக்கர்: கணக்கு திரையிலேயே இருக்கிறது

"டாக்டர், இது ஸ்லாட் மெஷின் மாதிரி இல்லை. மூளைக்கு வேலை இருக்கு." காசு போட்டு இயந்திரத்தோடு ஆடும் சீட்டாட்டமான வீடியோ போக்கரைப் பற்றி, லாஸ் வேகாஸ் போய்வந்தவர்களும் போனில் பழகியவர்களும் என்னிடம் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். சொல்வது உண்மையும்கூட. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி, சீட்டு காட்டும் இயந்திரத்தில் ஒவ்வொரு சீட்டும் நிஜமான 52 சீட்டுக் கட்டில் விழுகிற அதே வாய்ப்போடுதான் விழவேண்டும். அதனால் தில்லுமுல்லு எங்கே என்று தேடுவது வீண். கணக்கைப் பார்ப்போம்.

ஆட்டம் எளிது. ஐந்து சீட்டு விழும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒரே ஒரு முறை மாற்றலாம். எதிரே ஆள் கிடையாது, முகத்தை மறைக்க வேண்டியதும் இல்லை. அதிகம் பழகிய வகையான 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' ஆட்டத்தில் ஒரு ஜோடி ஜாக்கி, அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் காசு.

உட்காரும் முன் பார்க்கவேண்டியது திரையில் இருக்கும் பரிசுப் பட்டியலை. ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்று சீட்டும் ஒரு ஜோடியும்) போட்ட ஒரு நாணயத்துக்கு 9, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 6 என்றிருந்தால், பிழையில்லாமல் ஆடுகிறவருக்கு நீண்டகாலக் கணக்கில் 99.54 சதவீதம் திரும்பும். அதே இடங்களில் 6, 5 என்று இருந்தால் 95தான். படம், சத்தம், பொத்தான் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இந்த இரண்டு எண்தான் வித்தியாசம்.

எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆட்டினில் ஜாக்கி, 8, 5, 2, கூடவே இஸ்பேட் ஜாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஆட்டினைப் பார்த்ததும் கை ஃப்ளஷுக்குப் பரபரக்கும். ஆனால் ஜாக்கி ஜோடியை வைத்துக்கொள்வதுதான் சரி. ஜோடி ஜாக்கிக்குப் பதில் எட்டாக இருந்தால் தலைகீழ்: ஜோடியைப் பிரித்து ஃப்ளஷுக்குப் போகவேண்டும். ஜோடியோடு ஓர் ஆஸையும் துணைக்கு வைத்துக்கொள்வது ரம்மி மேசைப் பாசம். இங்கே நஷ்டம்.

சரி, இதையெல்லாம் கற்றுக்கொண்டால் ஜெயிக்கலாமா? இங்கேதான் என் வேலை ஆரம்பிக்கிறது.

நன்றாக ஆடினால் நூறு கையில் சுமார் 45 கைக்கு ஏதாவது கிடைக்கும். அதில் ஏறக்குறைய 21 வெறும் ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் ஜோடிகள்; போட்ட காசு மட்டும் திரும்பும். ஒரு பைசா லாபமில்லை, ஆனால் திரை வெற்றி என்று காட்டும். அடுத்து ராயல் ஃப்ளஷ்: ஒரே இனத்தில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ். நாலு நாணயம் போட்டிருந்தால் 1,000 நாணயம் பரிசு, ஐந்து போட்டிருந்தால் 4,000. ஐந்தாவது நாணயத்தைப் போடவைக்கும் தூண்டில் அது. 99.54 சதவீதத்தில் சுமார் 2 சதவீதம் அந்த ஒரு கைக்குள் இருக்கிறது. வருவதோ ஏறத்தாழ 40,000 கைக்கு ஒரு முறை. அது வராத இரவில் நீங்கள் ஆடுவது 97.5 சதவீத இயந்திரத்தோடு.

இப்போது வேகம். பழகிய கை மணிக்கு 600 ஆட்டம் ஆடும். கால் டாலர் நாணயம் ஐந்து என்றால் கைக்கு 1.25 டாலர், மணிக்கு 750 டாலர் பந்தயம். அந்த 9-6 இயந்திரத்தில் சராசரி நஷ்டம் மணிக்கு மூன்றரை டாலர், ராயல் வராவிட்டால் பதினெட்டு. 6-5 இயந்திரம் என்றால் முப்பத்தேழரை. இதுவும் பிழையே செய்யாதவருக்கு. தூக்கக் கலக்கத்தில் விடியற்காலை மூன்று மணிக்குப் பிழை செய்யாதவர் யார்?

அதனால், குடும்பத்தார் "எவ்வளவு விட்டாய்?" என்று கேட்பதைவிட "எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய்?" என்று கேட்பதே எனக்கு உபயோகம். விட்ட தொகையைக் குறைத்துச் சொல்வார்கள், நேரத்தை அவ்வளவு மறைக்கத் தெரியாது. விட்டதைப் பிடிக்க மறுநாளே போவது, பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவது, கடனை ஒளிப்பது ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அறிவுரை சொல்லித் தீர்கிற கட்டம் தாண்டியிருக்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்ஸோல் போன்ற மருந்துகள் சிலருக்குத் திடீர்ச் சூதாட்ட வெறியைக் கிளப்பும். சீட்டே தொடாத அப்பா அறுபத்தைந்து வயதில் ஆடத் தொடங்கினால் திட்டுவதற்கு முன் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

ஆன்லைனில் காசு வைத்து ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்கிறது. மூளைக்கு வேலை இருக்கிறது என்ற வாதம் அங்கே எடுபடாது.