ஸ்பீக்கரில் இல்லாத வண்டு

போன மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். "சார், நீங்கள் சொன்ன அந்த அமெரிக்க அம்மாவின் ஆல்பத்தைப் புது ஸ்பீக்கரில் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே காதுக்குள் ஏதோ ஊளையிடுகிறது. அடுத்த அறைக்குப் போனால் பாட்டு கேட்கிறது, ஊளையை மட்டும் காணோம். கடையில் சண்டை போட்டு ஸ்பீக்கரை மாற்றி வாங்கினேன், புதிதிலும் அதேதான். பழுது ஸ்பீக்கரிலா, என் காதிலா?"

இரண்டிலும் இல்லை. சொல்லப்போனால் அந்த ஊளைதான் காது நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. கடைக்காரரிடம் ஒரு மன்னிப்பு பாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கதை இது. ஞாயிற்றுக்கிழமை தோறும் முன்பின் தெரியாத ஓர் ஆல்பத்தை முழுசாகக் கேட்பது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மொழி புரியாது, தாளம் பிடிபடாது, சிலவற்றில் பாட்டு தொடங்கிவிட்டதா இல்லையா என்பதே தெரியாது. ஜப்பானின் மெர்ஸ்போ 1996-ல் வெளியிட்ட 'பல்ஸ் டீமன்' முழுக்க முழுக்க இரைச்சல். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவும் தகரம் அறுக்கும் ரம்பமும் ஒன்றையொன்று திட்டிக்கொள்வதுபோல் இருக்கும், நாலு தடவை முயன்று மூன்று தடவை பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அந்த வரிசையில் வந்தவர்தான் மேரியான் அமாக்கர் (1938–2009). 1999-ல் வந்த அவருடைய 'சவுண்ட் கேரக்டர்ஸ்' ஆல்பத்துக்கு 'மூன்றாவது காதை உருவாக்குதல்' என்று பொருள்படும் துணைத்தலைப்பு உண்டு. கவிதைக்காக வைத்த பெயர் என்று நினைத்தேன். இல்லை, அப்பட்டமான உடலியல். இசையின் ஒரு பகுதி தட்டில் இல்லை, அதைக் கேட்பவரின் காதே உற்பத்தி செய்கிறது.

காது எப்படி சத்தத்தை உற்பத்தி செய்யும்? காதின் படம் வரைந்து பாகம் குறித்ததெல்லாம் நினைவிருக்கும்: செவிப்பறை, சுத்தி, பட்டடை, அங்கவடி, அப்புறம் நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்ளியா. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். உள்ளே திரவம், நடுவே நீளவாக்கில் ஒரு சவ்வு. வாசல் பக்கம் கீச்சுக் குரலுக்கு ஆடும், கடைசி நுனி கட்டைக் குரலுக்கு ஆடும். சவ்வின் மேல் முடிச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. உள்வரிசையில் ஏறக்குறைய 3,500. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் இவைதான். வெளிவரிசைகளில் ஏறக்குறைய 12,000. மூளையோடு அதிகம் பேசாத இந்தப் பன்னிரண்டாயிரம் பேர் எதற்கு என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை.

அவை ஆடுகின்றன. உருவகமாகச் சொல்லவில்லை. மின்னழுத்தம் மாறும்போது வெளிவரிசைச் செல் ஒவ்வொன்றும் நிஜமாகவே குட்டையாகி நீளமாகிறது, அதுவும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. சத்தம் வந்து சவ்வு லேசாக அசைந்ததும், அந்த அசைவின் தாளத்துக்கே இவை எம்பி எம்பிக் குதித்து அசைவைப் பெரிதாக்கிவிடுகின்றன. ஊஞ்சலுக்குப் பின்னால் நின்று சரியான நேரத்தில் ஒரு தள்ளு தள்ளிவிடும் அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் இல்லாவிட்டால் ஊஞ்சல் நின்றுவிடும். இந்தச் செல்கள் இல்லாவிட்டால் மெல்லிய சத்தமெல்லாம் திரவத்திலேயே அடங்கிப்போகும், காற்றில் இலை உரசுவது கேட்காது. 1985-ல் பிரவுனெல் என்பவரின் குழு இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது. பிறகு பிரிட்டனின் ஜொனாதன் ஆஷ்மோர் ஒற்றைச் செல்லைத் தனியே எடுத்து, ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்றை மின்சாரமாக்கி அதற்குள் செலுத்தினார். வெண்டைக்காய் விதையளவுகூட இல்லாத, கண்ணுக்கே தெரியாத ஒரு செல், தாளம் தப்பாமல் ஆடுகிறது. வீடியோ இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் வீட்டில் திட்டு விழும். 2000-ல் இந்த ஆட்டத்துக்குக் காரணமான புரதமும் பிடிபட்டது. பெயர் பிரெஸ்டின். 'வேகமாக வாசி' என்று சங்கீதக் குறிப்பில் எழுதும் 'பிரெஸ்டோ' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வைத்த பெயர்.

சரி, ஊளைக்கு வருவோம். செல்லின் உச்சியில் சின்ன முடிகள் படிக்கட்டுபோல் அடுக்கியிருக்கின்றன. ஒன்றின் நுனியை அடுத்ததோடு இழுத்துக் கட்டிய மெல்லிய நூல் உண்டு. முடி சாய்ந்தால் நூல் இழுபடும், நூல் இழுபட்டால் குட்டி வாசல்கள் திறக்கும், அயனிகள் உள்ளே பாயும். இதில் ஒரு சிக்கல்: எல்லா வாசலும் திறந்துவிட்ட பிறகு எவ்வளவு இழுத்தாலும் திறப்பதற்கு இன்னொரு வாசல் இல்லை. அதாவது இரண்டு மடங்கு தள்ளினால் இரண்டு மடங்கு பதில் வராது. உள்ளே போவதும் வெளியே வருவதும் விகிதத்தில் இல்லாத எந்தப் பொருளுக்குள்ளும் இரண்டு சுரத்தைச் சேர்த்து அனுப்பினால், அவை ஒன்றின் காலை ஒன்று மிதித்து, உள்ளே போகாத புதுச் சுரங்களைப் பெற்றுப்போடும். 1000 ஹெர்ட்ஸும் (நொடிக்கு ஆயிரம் அதிர்வு) 1200 ஹெர்ட்ஸும் போனால் வித்தியாசமான 200 பிறக்கும். அதைவிட முக்கியமாக, முதல் சுரத்தின் இரட்டிப்பில் இரண்டாவதைக் கழித்தது, 2000 − 1200, அதாவது 800 பிறக்கும். இத்தாலிய வயலின் வித்வான் தர்த்தீனி 18-ம் நூற்றாண்டிலேயே, இரண்டு தந்தியைச் சேர்த்து இழுத்தால் மூன்றாவது ஒரு சுரம் கேட்கிறது என்று எழுதி வைத்தார். அமாக்கர் செய்தது என்னவென்றால், வேகமான கீச்சுச் சுரங்களை இந்தக் கணக்குக்குத் தக்கபடி அடுக்கி, உங்கள் காதுக்குள் ஒரு தனி மெட்டு பிறக்கும்படி எழுதியது.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். நான் செய்தது சமையலறையில். இரண்டு போன், இரண்டிலும் டோன் ஜெனரேட்டர் ஆப். ஒன்றில் 1000-ஐ நிலையாக வைத்து, இன்னொன்றில் 1100-லிருந்து மெதுவாக மேலே ஏற்றினேன். இரண்டையும் ஒரே அளவில், கொஞ்சம் தாராளமான சத்தத்தில். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரே சுரத்தைத்தான் வாசிக்கிறது, ஆகவே ஸ்பீக்கர் கலப்படம் செய்ய வழியில்லை. நான் ஏற்ற ஏற்ற, பின்னால் ஒரு குரல் இறங்கிக்கொண்டே போனது: 900, 800, 700. கை மேலே தள்ளுகிறது, பேய் கீழே இறங்குகிறது. காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியை வைத்துவிட்டு, "என்னடா இது, காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு" என்றார். தலையைத் திருப்பினால் போன்களின் சத்தம் இடம் மாறுகிறது, வண்டு மட்டும் தலையோடு சேர்ந்தே திரும்புகிறது. இயர்போனில் ஒரு காதுக்கு 1000, மறு காதுக்கு 1200 என்று பிரித்துக் கொடுத்தேன். வண்டு போய்விட்டது, ஏனென்றால் இரண்டும் ஒரே காக்ளியாவுக்குள் சந்திக்கவில்லை. வாசகரின் அடுத்த அறை மர்மமும் இதுதான். தூரம் போனால் சத்தம் குறைகிறது, குறைந்தால் வண்டு முதலில் சாகும்.

அதே போன்களை வைத்துக்கொண்டு பாதி உலகத்தைச் சுற்றிவிடலாம். இரண்டாவது போனை 1005-ல் நிறுத்தினால் நொடிக்கு ஐந்து அலையாகச் சத்தம் ஏறி இறங்கும். பாலித் தீவின் கமலான் இசையில் வெண்கல வாத்தியங்களை ஜோடி ஜோடியாக, வேண்டுமென்றே இப்படிக் கொஞ்சம் தள்ளித்தான் சுருதி சேர்ப்பார்கள். அந்த நடுக்கத்துக்கு 'ஓம்பாக்', அலை என்றே பெயர். 1070-க்குப் போனால் அலைகளை எண்ண முடியாமல் ஒரு கரகரப்பாகிவிடும். சவ்வில் இரண்டு சுரத்தின் இடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ஒரே செல்களை இரண்டு பேரும் பிடித்து உலுக்குவதால் வருவது அது. பல்கேரியப் பெண்களின் பாடல்களை ஸ்விட்சர்லாந்தின் மார்செல் செலியே தொகுத்து 1975-ல் ஒரு ஆல்பமாக வெளியிட்டார். அதில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை நெஞ்சு நிமிர்த்திப் பாடி, அந்தக் கரகரப்பை ஒரு மணியோசைபோல் மின்னவைக்கிறார்கள். நம் ஊரில் சுருதி சேரவில்லை என்று எழுந்து போய்விடுவோம், அங்கே சேர்ந்திருப்பதே அதுதான்.

மெட்டல் ஆல்பங்களுக்கும் இதே கணக்குதான், செல்லுக்குப் பதில் ஆம்ப்ளிஃபயர். திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரை அளவுக்கு மேல் வைத்து அலறவிடும்போது குரல் கிழிகிறதே, அந்தக் கிழிசலைக் கிதாருக்கு வேண்டி விரும்பிப் பூசுவதுதான் டிஸ்டார்ஷன். அங்கே பவர் கார்ட் என்பது வேறொன்றுமில்லை, ஸா-பா. ஸா 100 என்றால் பா 150. வித்தியாசம் 50, இரட்டித்துக் கழித்தாலும் 50. எந்த வழியில் போனாலும் கீழ் ஸ்தாயி ஸா, யாரும் வாசிக்காமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் சன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட 'மோனோலித்ஸ் அண்ட் டைமென்ஷன்ஸ்' ஆல்பத்தில் கட்டடமே உறுமுவதுபோல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாவுக்குப் பதில் காந்தாரத்தை வையுங்கள்: கிதாரின் காந்தாரம் 125 இல்லை, 126-ஐ ஒட்டியது. அந்த ஒரு ஹெர்ட்ஸ் பிசிறு ஒவ்வொரு பேய்ச்சுரத்திலும் எதிரொலித்து எல்லாம் மசமசவென்று குழம்பிவிடும். அதனால்தான் சத்தம் கூடக்கூடக் கிதார்க்காரர்கள் ஸா-பாவுக்குள் சுருங்குகிறார்கள். தம்புரா பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இது ஏன் பழகிய சத்தமாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், சி.வி.ராமன் 1921-லேயே, தந்தியைத் தாங்கும் வளைந்த குதிரையில் அது தொட்டுத்தொட்டு விலகுவதால் அதன் நாதம் எப்படிச் செழிக்கிறது என்று ஆராய்ந்திருக்கிறார்.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. காது தானே ஆற்றல் செலவழித்து இயங்குகிறது, அப்படியானால் அது சத்தமும் வெளியிட வேண்டும் என்று தாமஸ் கோல்ட் 1948-லேயே சொன்னார். போர்க்காலத்தில் ரேடாரில் வேலை செய்தவர், ரேடியோ ரிசீவர் போலக் காதைப் பார்த்தார். யாரும் மதிக்கவில்லை. பிணங்களின் காதுகளில் சவ்வு அசைவதை அளந்த பெக்கேசிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய வேலை பெரிய வேலைதான், மறுக்கவில்லை, ஆனால் செத்த காது பாடாதே. கோல்ட் வானியலுக்குப் போய்விட்டார். முப்பது வருஷம் கழித்து 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப், காதுக்குள் ஒரு 'டிக்' அனுப்பி, சில மில்லிநொடி கழித்துக் காது திருப்பிச் சொல்லும் எதிரொலியை மைக்கில் பிடித்தார். இன்று பச்சைக் குழந்தை தூங்கும்போதே காதில் ஒரு குட்டிக் குமிழைச் செருகி, இரண்டு சுரம் ஊதி, அந்த 2000 − 1200 வகைச் சுரம் வெளியே வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஓட்டோ-அகூஸ்டிக் எமிஷன், சுருக்கமாக ஓஏஇ பரிசோதனை என்பார்கள். அமாக்கரின் ஆல்பமும் அந்தக் கருவியும் செய்வது ஒரே காரியம். 'இந்த ஆய்வால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லும் விண்ணப்பப் படிவத்தைப் பார்க்கும்போதெல்லாம், கோல்ட் அதில் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

படிவத்துக்கே கட்டுப்படாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 432 ஹெர்ட்ஸ் பிரபஞ்ச அதிர்வெண், கேட்டால் நோய் தீரும் என்று வாரம் ஒரு வீடியோ எனக்கு வருகிறது. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை தடவை. ஒரு நாளை 86,400 துண்டாக்கி அதற்கு நொடி என்று பெயர் வைத்தது மனிதன். பிரபஞ்சம் கையில் கடிகாரம் கட்டவில்லை. நம் கச்சேரியில் ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று தொண்டைக்குத் தக்கபடி சுருதி வைத்துக்கொள்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வாசகருக்கு ஒன்று. வண்டைத் தேடிச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலிடங்களுக்கு வைத்த ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபெலுக்குக் கால் மணி நேரம்தான். நமக்கு அந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. வயதானாலும் உதிரும், அதுவும் வாசல் பக்கத்து, கீச்சுக்குரல் செல்கள்தான் முதலில்.

அன்றைக்கே போன்களை 4000-க்கும் 4800-க்கும் மாற்றி அம்மாவிடம் கேட்டேன். நறுக்கிய வெண்டைக்காயை ஒதுக்கிவிட்டுக் கவனமாகக் கேட்டார். "ரெண்டு விசில் கேக்குதுடா. வண்டு எங்க?"

எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆப்பை அணைத்துவிட்டேன்.