வெயிலை உறையவைக்கும் ஐஸ் கம்பெனி

பாம்பன் கரையில் மீனுக்குப் போடும் ஐஸ் பாரை, அதாவது பெரிய ஐஸ் கட்டியை, உடைப்பதற்கு முன் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். நடுவில் மட்டும் பால் கலந்தாற்போல் வெள்ளையாக ஓடும். தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறைகிறது. உறைய உறைய, தன்னில் கரைந்திருந்த காற்றையும் உப்பையும் உள்ளே தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் அவையெல்லாம் நடுவில் மாட்டிக்கொள்கின்றன.

ராமநாதபுரம் கடற்கரையின் வெயிலுக்கு இந்த ஐஸ் பாரைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை என்பது என் எண்ணம். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அங்கே பிறக்கும் மின்சாரம் உயரழுத்தக் கம்பி ஏறி வெளியூர் போகிறது. வெயிலை இங்கேயே ஒரு பொருளாக மாற்றினால்தான் கூலியும் லாபமும் ஊரில் தங்கும். சோலார் பேனலுக்கான சிலிக்கன் செல் செய்ய மிகப் பெரிய ஆலை வேண்டும், அது நமக்கு எட்டாது. ஐஸ் அப்படியல்ல.

ஐஸ் கம்பெனியில் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். நன்றாக உப்புக் கலந்த தண்ணீர் மைனஸ் 10 டிகிரியிலும் உறையாது. நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை அதில் இறக்குவார்கள். தொட்டிக்குள் ஓடும் குழாயில் அமோனியா. சாதாரண அழுத்தத்தில் அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்க வேண்டிய வெப்பத்தை உப்புத் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். அந்த ஆவியை கம்ப்ரசர் அழுத்த, வெப்பம் வெளியே போய் அமோனியா மறுபடி திரவமாகிறது. கரண்ட் பெரும்பாலும் இந்தக் கம்ப்ரசருக்குத்தான்.

சரி, எவ்வளவு ஆகும்? 30 டிகிரித் தண்ணீர் 50 கிலோவை ஐஸாக்க சுமார் 6.4 யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கம்ப்ரசர் வெப்பத்தை இடம் மாற்றுகிறதே தவிர உண்டாக்குவதில்லை. அதனால் 3 முதல் 4 யூனிட் கரண்ட் போதும். ஒரு கிலோவாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். ஆக, ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ பார் ஒன்று.

இரவுக்காகப் பேட்டரி வாங்க வேண்டாம். ஒரு டன் ஐஸ் உருகும்போது 93 யூனிட் அளவு வெப்பத்தை விழுங்கும். தொட்டிக்கு நல்ல தெர்மோகோல் உறை போட்டால் பகலில் சேர்த்த குளிர் அப்படியே நிற்கும். பெரிய சிக்கல் வேறு. ஐஸ் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். தடிமன் இரண்டு மடங்கானால் உறையும் நேரம் நான்கு மடங்கு. ஆகவே கேனை மெலிதாக்க வேண்டும், அப்போதுதான் சாயங்காலத்துக்குள் கட்டி விழும். மெலிந்த கட்டி சீக்கிரம் கரையும் என்பார்கள். ஆனால் எப்படியும் உடைத்துத்தானே மீன் மேல் போடுகிறோம்?

கேன், தொட்டி, பேனல் தாங்கும் ஸ்டாண்டு எல்லாம் உள்ளூர் வெல்டிங் பட்டறை வேலை. உப்புக் காற்றில் எந்த இரும்பு எத்தனை நாள் நிற்கும் என்று படகு வேலை பார்த்த கைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டிக்கு உப்பு வேண்டுமா? வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது. நல்ல தண்ணீர்தான் கஷ்டம். அதற்கு வழி செய்யாமல் பேனல் நட்டுப் பிரயோஜனமில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வெயில் கொளுத்தும், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஐஸ் கேட்பவர் குறைவு. அந்த 61 நாளும் அதே பேனலில் கருவாட்டுக் கூடாரத்தின் விசிறி ஓடலாம். நாட்டுப்படகில் வரும் மீன் மணலில் காயாமல் வலைத்தட்டில் காயும், ஈயும் மொய்க்காது.