மலையில் கேமரா வாங்குகிறீர்களா? லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

போன மாதம் கோத்தகிரியில் இருந்து ஒரு தம்பி குன்னூரில் உள்ள என் ஸ்டூடியோவுக்கு வந்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை. இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் செகண்ட் ஹேண்ட் கேமராவும் லென்ஸும் வாங்கியிருந்தார். "வெயில்ல எடுத்தாலும் படம் பனி மூடின மாதிரியே வருதுண்ணா" என்றார். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை இழைகள். ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டது. கழற்றித் துடைத்தாலும் தழும்பு போகாது.

நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. ஊட்டிப் பக்கம் ஜூனில் பிடிக்கிற மழை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் கொட்டுகிறது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியே கிடந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்தால் இன்னும் மோசம், தோலே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதனால் பழைய லென்ஸ் வாங்கும்போது நேரில் போங்கள். இருட்டான மூலையில், இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் தூசி இருந்தால் பரவாயில்லை. இழை தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, பழையதாக இருக்கலாம். பத்து வருடத்துக்கு முந்தைய டிஎஸ்எல்ஆர்கூடக் கல்யாண ஆல்பத்துக்குப் போதும். மிச்சமாகும் பணத்தை லென்ஸில் போடுங்கள். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மேகம் இறங்கிய மத்தியானத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம்: அவற்றில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'டி' வகை லென்ஸை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

லைட்டுக்கு முதலில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை போதும். ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் முகத்தின் நிழல் பக்கம் தெளியும். அப்புறம், ஆட்டோ வசதி இல்லாத ஒரு மேனுவல் ஃபிளாஷும், அதைத் தள்ளி வைத்தும் கேமராவிலிருந்தே அடிக்க வைக்கும் ட்ரிக்கரும். ஃபிளாஷைக் கேமரா மேலேயே வைத்துப் பனிமூட்டத்தில் அடிக்காதீர்கள், நீர்த்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து படம் வெளுத்துவிடும். பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். இங்கே பழைய வீடுகளில் மரக்கூரை உண்டு. அதில் மோதித் திரும்பும் வெளிச்சம் முகத்தைப் பழுப்பாக்கும். கூரைக்குப் பதில் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஃபிளாஷைத் திருப்புங்கள்.

இனி கேமராவையும் லென்ஸையும் ஈரம் படாமல் வைக்க டப்பா. காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஒரு பை சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி, அவ்வளவுதான். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நல்லது. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி ஈரத்தைப் போக்கலாம். ஆனால் அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள்.

விடியற்காலைக் குளிரில் படம் எடுத்துவிட்டு அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழையும் முன், கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். ஒரு மணி நேரமாவது கழித்துத் திறந்தால் கண்ணாடியில் நீர் பூக்காது.