நடுவுநிலைமை: ஓரம் சொல்லாத செய்திக்கு ஒரு சொல்

டெல்லித் தமிழர்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு இரண்டு மொழியில் சண்டை கிடைக்கும். இந்திச் சேனலில் ‘நிஷ்பக்ஷ்’ என்று மார்தட்டுவார்கள். தமிழுக்கு மாற்றினால் அதே மார்தட்டல் ‘நடுநிலை’ என்ற பெயரில் நடக்கும். ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க வாசலில் நாலு பேர் கூடினால், “அந்தச் சேனல் ரொம்ப பயஸ்டு சார்” என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். பயஸ்டு என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பாருங்கள். ‘ஒருதலைப்பட்சம்’ என்பார் ஒருவர், ‘பாரபட்சம்’ என்பார் இன்னொருவர். பத்திரிகைக்காரர் இருந்தால் ‘சார்பு’ என்பார். மூன்றும் ஓரளவுக்குச் சரிதான், ஆனால் மூன்றுக்கும் பொருள் ஒன்றல்ல.

‘பயஸ்’ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சாய்வு, குறுக்குவாட்டம் என்பது மூலப்பொருள். துணியைக் குறுக்காக வெட்டுவதை நம் தையற்கடையில் ‘கிராஸ் கட்’ என்பார்கள்; ஆங்கிலத்தில் அதற்கு ‘பயஸ் கட்’ என்று பெயர். மனச்சாய்வு என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில், புல்தரையில் பந்து உருட்டும் ‘பவுல்ஸ்’ ஆட்டத்தின் வழியே ஏறியது. அந்தப் பந்தை ஒரு பக்கம் கனமாகச் செய்திருப்பார்கள். நேராகத்தான் உருட்டுவீர்கள், போகப் போக வளைந்துவிடும். உருட்டியவர் பொய் சொல்லவில்லை, பந்தின் செய்நேர்த்தியே அப்படி. செய்தி விஷயத்தில் இதை மறந்துவிடக் கூடாது. வாசிப்பவர் ஒரு பொய்கூடச் சொல்லாமலே ஒரு செய்தியறிக்கை வளைந்து போய்ச் சேரலாம்.

இந்தி ‘நிஷ்பக்ஷ்’ நமக்குப் புரிவது எளிது. பக்ஷம் என்றால் சிறகு, பக்கம். பட்சி என்பதும் அதே வேர்தான். நாடாளுமன்றச் செய்தியில் நாள்தோறும் காதில் விழும் ‘விபக்ஷ்’, எதிர்ப்பக்கம். ஒரு பக்கமாக விழுவது ‘பக்ஷபாதம்’. நம் பாரபட்சத்திலும் ஒருதலைப்பட்சத்திலும் இந்தப் பட்சம் உட்கார்ந்திருக்கிறது. ‘தடஸ்த்’ என்று இன்னொரு இந்திச் சொல் உண்டு. கரையில் நிற்பவன் என்று பொருள். ஆற்றில் இறங்காதவன். அழகான சொல்தான், ஆனால் செய்தியாளருக்குப் பொருந்தாது. அவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

தமிழில் இதற்குப் பழைய சொற்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று ‘ஓரம்’. ஔவையாரின் ஆத்திசூடி ‘ஓரம் சொல்லேல்’ என்றுதான் முடிகிறது. நல்வழியிலோ அவருக்குக் கோபமே வந்துவிடுகிறது: ‘மன்றோரம் சொன்னார் மனை’யில் வேதாளம் சேரும், வெள்ளெருக்கு பூக்கும், மூதேவி குடியிருப்பாள். மன்றில் ஒரு பக்கமாகப் பேசியவரின் வீட்டுக்கு இட்ட சாபம் அது. இன்றைய மன்று ஸ்டூடியோவில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. ‘ஓரவஞ்சனை’ இன்னும் வீட்டுப் பேச்சில் உயிரோடிருக்கிறது. மாமியார் மருமகள் சண்டையில் தாராளமாகக் கேட்கலாம்.

இன்னொன்று ‘கோட்டம்’. கோடுதல் என்றால் வளைதல். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் இதை இரண்டாகப் பிரித்தே பேசுகிறது: ‘சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா / உட்கோட்டம் இன்மை பெறின்.’ சொல்லில் வளைவு, உள்ளத்தில் வளைவு. (இங்கே ‘ஒருதலையா’ என்பதற்கு ‘உறுதியாக’ என்று பொருள், ஒருதலைப்பட்சத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வளைந்து உருளும் பந்துக்கும் கோட்டம் என்ற சொல்லுக்கும் இருக்கும் ஒற்றுமையைப் பார்த்தால், பயஸுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது என்பது என் கட்சி.

அப்படியானால் ‘சார்பு’? சார்ந்து நிற்பது, அதுவும் வெளிப்படையாக நிற்பது. கலைஞர் டிவி, ஜெயா டிவி, மக்கள் டிவி எந்தப் பக்கம் என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. அது கட்சிச் சார்பு. பார்ப்பவர் கழித்துக்கொண்டு கேட்பார். சார்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே வளைவதுதான் கோட்டம், ஆபத்தும் அதில்தான்.

இனி எதிர்ச்சொல். ‘இம்பார்ஷியல்’ லத்தீனில் ‘பகுதி’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஒரு பகுதியோடு சேராதது. நம்மிடம் ‘நடுவுநிலைமை’ இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறது. பகல் என்பது இங்கே நுகத்தடியின் நடுவில் அடித்த ஆணி. குறளோ தராசைக் காட்டுகிறது: ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை.’ முதலில் தான் சமமாக நின்று, பிறகு தன்மேல் வைத்த பாரத்தை வரையறுத்துக் காட்டும் துலாம் என்று பரிமேலழகர் இதை விரிக்கிறார். தட்டு காலியாக இருக்கும்போதுதான் முள் நடுவில் நிற்க வேண்டும். பொருளை வைத்த பிறகும் முள் நடுவிலேயே நின்றால் தராசு பழுது என்று கடைக்காரருக்குத் தெரியும். டிவி விவாதங்களுக்குத்தான் தெரிவதில்லை. ஆதாரம் வைத்திருப்பவருக்கு மூன்று நிமிடம், இல்லாதவருக்கு மூன்று நிமிடம் கொடுத்துவிட்டு நடுநிலை என்கிறார்கள். சமூக ஊடகத்தில் ‘நடுநிலை’ என்பதே வசைச்சொல்லாகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிட்டனின் ஒளிபரப்பு விதிகளில் ‘இம்பார்ஷியாலிட்டி’க்கு முன்னால் ‘டியூ’ என்று ஓர் அடைமொழி வரும். விஷயத்துக்குத் தக்க அளவில் என்று அர்த்தம்; எல்லாக் கருத்துக்கும் சம நேரம் தர வேண்டியதில்லை என்று அந்த விதியே விளக்குகிறது. நடுவுநிலைமை அதிகாரத்தின் முதல் சொல் என்ன தெரியுமா? ‘தகுதி’.

இந்தியச் சட்டத்தில் என்ன இருக்கிறது? 1990இல் இயற்றி 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம், மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்து நியாயமான, சமன்பட்ட தகவலைத் தர வேண்டும், தனக்கென்று ஒரு கருத்தையோ கொள்கையையோ பரப்பக் கூடாது என்று ஆகாசவாணிக்கும் தூர்தர்ஷனுக்கும் சொல்கிறது. இதற்கு விதை நெருக்கடி நிலைக் காலம். 1975இல் தகவல் ஒலிபரப்புத் துறையிலிருந்து அமைச்சர் ஐ.கே.குஜ்ராலை மாற்றி வி.சி.சுக்லாவைக் கொண்டுவந்தார்கள், வானொலி அரசின் ஊதுகுழலானது. 1978இல், வானொலி, தொலைக்காட்சியின் தன்னாட்சி பற்றி ஆராய்ந்த வர்கீஸ் குழு தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்றது. அந்தக் காலத்து டெல்லித் தமிழ்ச் செய்தி என்றாலே பலருக்கும் சரோஜ் நாராயணசாமியின் குரல்தான் நினைவுக்கு வரும். அந்தக் குரல் ஏற்ற இறக்கத்தால் யாரையும் உயர்த்தியதோ தாழ்த்தியதோ இல்லை. ஆனால் தணிக்கைக் காலத்தில் எது செய்தி, எது முதல் செய்தி என்பதை முடிவு செய்தது வேறிடம். சொற்கோட்டம், உட்கோட்டம் என்று குறள் பிரித்தது எவ்வளவு சரி!

தனியார் சேனல்களுக்கு பிரசார் பாரதி சட்டம் பொருந்தாது. கேபிள் டிவி நிகழ்ச்சி விதிகள் அரைகுறை உண்மைகளைத் தடுக்கின்றன. மற்றபடி நடுவுநிலைமை பெரும்பாலும் சேனல்கள் தாமே வகுத்துக்கொண்ட நெறியில்தான் இருக்கிறது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும் என்று அமெரிக்காவில் ஒளிபரப்பாளர்களுக்கு 1949இலிருந்து இருந்த நியாய விதியை 1987இல் கைவிட்டார்கள்.

தமிழில் கோட்டம் பெரும்பாலும் வினைமுற்றில் ஒளிந்திருக்கும். டெல்லியிலிருந்து வரும் ஏஜென்சிச் செய்தியில் ஒரே ‘செட்’ (சொன்னார்) என்ற வினை. தமிழாக்கும்போது ஒருவர் ‘விளக்கமளித்தார்’, இன்னொருவர் ‘சமாளித்தார்’, மூன்றாமவர் ‘ஒப்புக்கொண்டார்’. சங்கிலி பறித்தவன் ‘கைது செய்யப்பட்டான்’, ஊழல் வழக்கில் முன்னாள் அமைச்சர் ‘கைது செய்யப்பட்டார்’. இரண்டு பேர் மீதும் குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. ஆங்கில வினைக்கு இந்த ‘ஆன்’, ‘ஆர்’ வசதி கிடையாது. 2021க்குப் பிறகு ‘ஒன்றிய அரசு’, ‘மத்திய அரசு’ என்ற ஒரு சொல்லைக் கேட்டே சேனலை அடையாளம் காண முடிகிறது. அரசமைப்பின் முதல் பிரிவு ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்கிறது. மத்திய அரசு நெடுநாள் வழக்கு. எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் சேர்த்துவிடுகிறார்கள், பாவம் செய்தி வாசிப்பவர்.

எழுதும்போது நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: பயஸ் என்றால் கோட்டம், பேச்சில் ஓரம். வெளிப்படையான அரசியல் ஆதரவு, கட்சிச் சார்பு. பேலன்ஸ், சமன். இம்பார்ஷியாலிட்டி, நடுவுநிலைமை. நியூட்ரல் என்பதற்கு ‘நொதுமல்’ என்று அறிவியல் கலைச்சொல் உண்டு. பகையும் இல்லை, நட்பும் இல்லை, அயல். அதை வேதியியல் பாடத்துக்கே விட்டுவிடலாம்.