வரப்போகுதுன்னு தெரிஞ்சும் ஏன் தூக்கிவாரிப்போடுது?

பேய்ப்பட டைரக்டர் மைக் ஃபிளனகன் புதுசா ஒரு எக்ஸார்ஸிஸ்ட் படம் எடுக்கப்போறார்னு 2024ல அறிவிப்பு வந்துச்சு. அதுலேர்ந்து நம்ம பேய்ப்பட கோஷ்டிக்கு வேற வேலையே இல்ல, யார் நடிக்கிறா, பழைய ஆளுங்க யாராச்சும் திரும்ப வர்றாங்களா, அவர் படத்துக்கு படம் கூடவே கூட்டிட்டுப் போற நடிகர் பட்டாளத்துலேர்ந்து யாருக்கு சான்ஸுன்னு வாரத்துக்கு ஒரு வதந்தி. எந்த வதந்தில ஆரம்பிச்சாலும் பேச்சு கடைசியா போய் நிக்கிறது ஒரே இடத்துலதான், 1990ல வந்த மூணாவது பாகம்.

அந்தப் படத்த வச்சு சண்டை போட ஆயிரம் விஷயம் இருக்கு. மூல நாவல எழுதின வில்லியம் பீட்டர் பிளாட்டியே டைரக்ட் பண்ணது. முதல் பாகத்துல போலீஸ் அதிகாரியா நடிச்ச லீ ஜே. காப் 1976லயே இறந்துட்டதால அந்த ரோலுக்கு ஜார்ஜ் சி. ஸ்காட் வந்தார், வந்து மோசமான நடிகர்னு ராஸி விருதுக்கு நாமினேஷனும் வாங்கினார். மனநோய் வார்டு செல்லுக்குள்ள அடைச்சு வச்சிருக்கற ஒரே நோயாளியா ஜேசன் மில்லர், பிராட் டூரிஃப்னு ரெண்டு பேர் மாத்தி மாத்தி வருவாங்க. ஸ்டுடியோ சொன்னதால கடைசில ஒட்டவச்ச பேயோட்டுற க்ளைமாக்ஸ் வேற. ஒரு பாதி ஆளுங்க மாஸ்டர்பீஸ்ங்கறாங்க, இன்னொரு பாதி மொக்கைங்கறாங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கற ஒரே விஷயம் அந்த ஆஸ்பத்திரி சீன்.

அத பத்திதான் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "அண்ணா, அந்த சீன பத்தி பத்து லிஸ்ட்ல படிச்சுட்டுதான் பாத்தேன், வரப்போகுதுன்னு நல்லாத் தெரியும், இருந்தும் சேர்லேர்ந்து எகிறிட்டேன், தெரிஞ்சும் ஏன்ணா?"

நல்ல கேள்வி. 150 வருஷத்துக்கு முன்னாடி சார்லஸ் டார்வினுக்கும் இதே டவுட்தான். லண்டன் மிருகக்காட்சி சாலைல பஃப் ஆடர்ங்கற விஷப்பாம்பு கூண்டோட தடிமனான கண்ணாடியில மூஞ்சிய ஒட்டி வச்சுகிட்டு, கொத்தினாலும் பின்வாங்க மாட்டேன்னு மனசுக்குள்ள சபதம் போட்டுகிட்டு நின்னார் மனுஷன். பாம்பு கண்ணாடிய கொத்துச்சு, அடுத்த நொடி டார்வின் ஒண்ணு ரெண்டு கஜம் பின்னாடி. கண்ணாடி இருக்குன்னு தெரியும், பாம்பால ஒண்ணும் பண்ண முடியாதுன்னும் தெரியும், ஆனா அந்தத் தெரிஞ்சது எதுவும் உதவலன்னு 1872ல வந்த புத்தகத்துல அவரே எழுதி வச்சிருக்கார்.

நம்ம பாஷைல இதுக்கு ரெண்டு தனித்தனி வார்த்தை இருக்கறது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'தூக்கிவாரிப்போட்டுச்சு' ஒண்ணு, 'வயித்தக் கலக்குச்சு' இன்னொண்ணு. முதல் விஷயம் பயமே கிடையாது, வெறும் அனிச்சைச் செயல், சூடான பாத்திரத்த தொட்டா கைய வெடுக்குன்னு இழுக்கறோமே, பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அந்த ஜாதி. காதுக்குள்ள திடீர்னு பெரிய சத்தம் விழுந்துச்சுன்னா அது காது நரம்பு வழியா மூளைத்தண்டுக்குப் போகுது, அங்க 'பான்ஸ்'ங்கற பகுதில கொஞ்சம் பெரிய சைஸ் நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், உக்காந்திருக்கு, அதுங்க நேரா கழுத்து, தோள், முதுகுத்தண்டுன்னு எல்லாத்துக்கும் ஒரே அடியா 'சுருங்கு'ன்னு ஆர்டர் போடுது. எலில இந்த வழிய பிரிச்சு பாத்தப்ப நடுவுல மொத்தமே மூணே மூணு சினாப்ஸ்தான், அதாவது ஒரு நரம்பு செல் அடுத்ததுக்கு தகவல கைமாத்தற இடம். இது என்ன சத்தம், பேயா பூனையான்னு யோசிக்கற மூளையோட மேல் பகுதிய யாரும் கேக்கறதே இல்ல, அதுக்கு தகவல் போய்ச் சேந்து அது முடிவெடுக்கறதுக்குள்ள நீங்க குதிச்சு முடிச்சிருப்பீங்க.

எவ்ளோ வேகம்னு பாருங்க. சத்தம் வந்து சுமார் 30லேர்ந்து 50 மில்லிசெகண்டுக்குள்ள கண்ணு சிமிட்ட ஆரம்பிச்சிடும். சினிமா ஓடறது செகண்டுக்கு 24 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு கிட்டத்தட்ட 42 மில்லிசெகண்ட். அதாவது 'டொய்ங்'னு மியூசிக் விழுந்து அடுத்த ஃபிரேம் திரைக்கு வர்ற நேரத்துல உங்க இமை மூட ஆரம்பிச்சாச்சு. ஒரு சிமிட்டல் முடிய நூறு மில்லிசெகண்டுக்கு மேல ஆகும்ங்கறதால, மேக்கப் போட்டு லைட் வச்சு எடுத்த அந்த உருவத்தோட ரெண்டு மூணு ஃபிரேம நீங்க பாத்திருக்க வாய்ப்பே கம்மி. எனக்கு இத கணக்குப் போட்டு பாத்தப்ப அப்டி ஒரு சந்தோஷம், டைரக்டர் காட்டணும்னு தவம் கிடந்த இடத்துலதான் நாம கண்ண மூடிடறோம்! 1930கள்ல லாண்டிஸ், ஹன்ட்னு ரெண்டு பேர் துப்பாக்கிய வெடிச்சு, ஆளுங்க திடுக்கிடறத ஹை ஸ்பீட் கேமராவுல படம் புடிச்சாங்க, தினம் துப்பாக்கி சுட்டுப் பழகினவங்க கூட கண்ண சிமிட்டத்தான் செஞ்சாங்க.

சரி, அனிச்சைச் செயல்னா எல்லா நேரமும் ஒரே அளவுதான குதிக்கணும்? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது. அந்த மூணு சினாப்ஸ் வழிக்கு ஒரு வால்யூம் குமிழ் இருக்கு, அதுல கை வச்சிருக்கறது அமிக்டலா, மூளைக்குள்ள பயத்த கவனிச்சுக்கற பகுதி. மைக்கேல் டேவிஸ்ங்கற விஞ்ஞானி எலிகள வச்சு பல வருஷம் இத நோண்டினார். முதல்ல ஒரு லைட்ட போட்டு, கூடவே கால்ல லேசா ஷாக் குடுத்து பழக்கறது, அப்புறம் அதே லைட் எரியறப்போ பெரிய சத்தம் குடுத்தா எலி வழக்கத்த விட ரொம்ப உயரமா குதிக்குது. அமிக்டலாவுலேர்ந்து நேரா அந்த பான்ஸ் நியூரான்களுக்கு ஒயர் போகுது, பயத்துல இருக்கறப்போ அது குமிழ திருகி வச்சிடுது. மனுஷங்கள்ல இன்னும் தமாஷ், ஷாக் குடுக்கவே வேணாம், "இப்ப எப்ப வேணா ஷாக் அடிக்கலாம்"னு வாயால சொன்னாலே போதும், குமிழ் ஏறிடும்.

வாசகரோட கேள்விக்கு பதில் இதுதான். தெரிஞ்சது உங்கள காப்பாத்தல, அதுதான் குமிழ திருகினதே. என்ன வரும்னு தெரியும், எந்த செகண்ட்ல வரும்னு தெரியாது, உடம்புக்கு இத விட மோசமான நிலைமை கிடையாது. அந்த சீன எடுத்துக்கங்க. நடுராத்திரி, ஆஸ்பத்திரி காரிடார், தூரத்துல நர்ஸ் ஒருத்தி. ஒரு ரூம்ல ஏதோ சத்தம்னு போய்ப் பாக்கறா, டம்ளர்ல ஐஸ் விரிசல் விடுற சத்தம், அப்பாடான்னு இருக்கறப்போ படுத்திருந்த ஆள் விருட்டுன்னு எழுந்து கத்தறான். அது போலி, ஆனா உங்க அமிக்டலா முழிச்சாச்சு. அப்புறம் கேமரா காரிடார் கடைசில போய் நின்னுடுது, அசையாது, மியூசிக் கிடையாது, நிமிஷக்கணக்கா ஆளுங்க வர்றதும் போறதும்தான். அவ ஒரு ரூம பூட்டிட்டு திரும்பறா, பின்னாடியே வெள்ளைத் துணி உருவம், கேமரா வேகமா கிட்ட போகுது, அலறல் மாதிரி மியூசிக், கட்.

மியூசிக் இல்லாம விட்டதுக்கும் கணக்கு இருக்கு. பெரிய சத்தத்துக்கு 30லேர்ந்து 500 மில்லிசெகண்டுக்கு முன்னாடி ஒரு சின்ன சத்தம் வந்தா திடுக்கிடறது பாதியா குறைஞ்சிடும், மூளை அந்த சின்ன சத்தத்த பரிசீலனை பண்ணிகிட்டிருக்கறதால அடுத்தத கொஞ்சம் அடக்கி வைக்குது. நம்மாளுங்க நிறைய பேர் 'கிர்ர்ர்'னு கதவு, 'டிங்'னு மணி, அப்புறம் 'டமால்'னு வைப்பாங்க, அந்த டிங்தான் டமாலக் கெடுக்கறது. 1942ல வந்த கேட் பீப்பிள்ல ஒரு பொண்ணு ராத்திரி தனியா நடந்து போவா, பின்னாடி செருப்புச் சத்தம், திடீர்னு அந்தச் சத்தமும் நின்னுடும், நிசப்தம், 'உஸ்ஸ்'னு சீறிகிட்டு ஒரு பஸ் வந்து நிக்கும், அவ்ளோதான். அந்த மாதிரி போலி அதிர்ச்சிக்கு தயாரிப்பாளர் வால் லூட்டன் பேர்ல 'லூட்டன் பஸ்'னே பேர் வந்துடுச்சு. ஆய்வகத்துக்காரங்க பின்னாடி அளந்தத அந்த எடிட்டர் காதாலயே கண்டுபிடிச்சு வச்சிருக்கார்.

இன்னொரு குட்டி விஷயம். இருட்டுல மனுஷன் திடுக்கிடறது கூடும், இத 1990கள்ல அளந்தே பாத்தாங்க. எலிக்கு உல்டா, அது ராத்திரி பிராணி இல்லையா, பளீர் வெளிச்சத்துலதான் அதிகமா குதிக்கும். எலிங்களுக்கு பேய்ப்படம் எடுத்தா மொட்ட வெயில்லதான் எடுக்கணும்.

ரெண்டு பக்க அமிக்டலாவும் அழிஞ்சு போன ஒரு பெண்மணிய, ஆய்வுல எஸ்.எம்.னு சொல்வாங்க, அமெரிக்காவுல ஹாலோவீனுக்கு செட் போட்ட ஒரு பழைய டிபி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாங்க. கூட வந்தவங்க கத்தறாங்க, இவங்க சிரிச்சுகிட்டே முன்னாடி போறாங்க, பேய் வேஷம் போட்டவன் தலைய தொட்டுப் பாக்க போக பேய்தான் மிரண்டுச்சு. 2011ல வந்த ஆய்வு.

இதுல எனக்கு ஒரு வயித்தெரிச்சல் உண்டு. "எலி ஏன் குதிக்குது"ன்னு இங்க ஒருத்தர் ஆராய்ச்சிக்கு காசு கேட்டா கமிட்டில சிரிப்பாங்க. ஆனா இந்த எலி குதிச்சதுலேர்ந்துதான் போர்லேர்ந்து திரும்பினவங்களோட பதட்டத்தயும், ஸ்கிஸோஃப்ரீனியாங்கற மனநோய்ல அந்த சின்னச் சத்த அடக்கல் சரியா வேலை செய்யாததயும் அளக்கறாங்க. அதே ஊர்ல தூக்கிவாரிப்போட்ட புள்ளைக்கு மந்திரிச்சு கயிறு கட்ட மட்டும் யோசிக்காம காசு எடுத்துக் குடுப்போம். முதல் எக்ஸார்ஸிஸ்ட் ஷூட்டிங்ல செட்டு தீப்புடிச்சத இன்னிக்கும் சாபம்னு சொல்லிகிட்டு திரியறவங்க இருக்காங்க, சாபம்னு சொன்னா டிக்கெட் விக்கும், தீப்புடிச்சதுன்னா இன்ஷூரன்ஸ்காரன்தான் கேப்பான்.

எங்க மச்சான் இந்தப் படத்த மொக்கைனு சொல்ற கோஷ்டி. எப்டி பாத்தன்னு கேட்டேன், மத்தியானம் ட்ரெயின்ல, போன் ஸ்பீக்கர்ல, பக்கத்துல டீ காபி வித்துகிட்டு. வெளிச்சம் ஃபுல்லு, சுத்தி இரைச்சல், சத்தம் திடீர்னு எகிறவும் வழியில்ல, அப்புறம் எங்க குமிழ் ஏறும்? போன மாசம் வீட்டுக்கு வந்தப்ப ராத்திரி பதினோரு மணிக்கு லைட்ட அணைச்சு, நல்ல ஹெட்ஃபோன மாட்டி, அந்த சீன் மட்டும் போட்டு விட்டேன். கைல இருந்த டீல பாதி என் லேப்டாப் கீபோர்டுல.

துடைச்சு முடிச்சதும் "குதிச்சேன், சரி, அதுக்காக படம் நல்ல படம்னு ஆயிடுமா"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சிமிட்டற கணக்க மட்டும் சொன்னேன். நம்பல. பின்னாடி ஓட்டி ஒவ்வொரு ஃபிரேமா நகத்தி பாத்தான், அப்புறம் திரும்பி என்ன பாத்து, "மாமா, அது கைல இவ்ளோ பெரிய கத்தரி இருக்கு, நான் பாக்கவே இல்லையே?"