ஹாட் டாடி சளிக்கு மருந்தாகாது

மழைக்காலம் தொடங்கி மார்கழிப் பனி முடியும்வரை, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் காய்ச்சல்காரர்களின் வீட்டாரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறேன்: "சளிக்கு வீட்டில் என்ன கொடுத்தீர்கள்?" சுக்குக் கஷாயம், ஆவி, தைலம் என்று வரிசையாகச் சொல்வார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் விஸ்கி. வெந்நீரில் கலந்துதான் டாக்டர்" என்பார்கள். சில நாள்களுக்கு முன்பு இந்தப் பதிலைச் சொன்னவர் இரண்டு வயதுக் குழந்தையின் அப்பா. வீடியோ பார்த்துத் தனக்கு ஹாட் டாடி என்ற சூடான விஸ்கிக் காக்டெய்ல் கலந்திருக்கிறார். குவளையில் மீந்ததை ஐந்தாறு கரண்டி மகளுக்கும் புகட்டியிருக்கிறார். தட்டி எழுப்பினாலும் விழிக்காத நிலையில் தூக்கி வந்தார்கள். மதுவால் ரத்தச் சர்க்கரை 40-க்குக் கீழே இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். அவள் நலமாக வீடு திரும்பினாள். ஆனாலும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை.

ஹாட் டாடி ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் குளிர்கால இரவுகளில் பருகும் பழைய காக்டெய்ல். தடித்த குவளையில் விஸ்கி, ஒரு கரண்டித் தேன், எலுமிச்சைச் சாறு, இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, மேலே வெந்நீர். செய்முறை அவ்வளவுதான். விஸ்கியைத் தவிர மற்றதெல்லாம் நம் அடுக்களையில் இருப்பவை என்பதால் பார்த்தவுடன் கஷாயம் போலத் தோன்றுகிறது. வினை அங்கேதான் தொடங்குகிறது.

மருத்துவர்களுக்கும் இதில் பங்குண்டு. 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் பணியாற்றிய ராபர்ட் பென்ட்லி டாட் என்ற மருத்துவர் காய்ச்சலுக்குப் பிராந்தியைத் தாராளமாக எழுதிக் கொடுத்தவர். ஏற்கப்பட்ட மருந்துகளைப் பட்டியலிடும் அமெரிக்க மருந்து நூலில் விஸ்கியும் பிராந்தியும் 1916 வரை இடம்பெற்றிருந்தன. மதுவுக்கு மருத்துவப் பயன் இல்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1917-இல் தீர்மானம் போட்டது. அதன் பிறகு வந்த மதுவிலக்குக் காலத்திலும் அங்கே மருத்துவர்கள் விஸ்கிக்குச் சீட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் தொழிலுக்குப் பெருமை சேர்க்காத வரலாறு அது. "அந்தக் காலத்தில் டாக்டர்களே கொடுத்தார்களே" என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது. அவர்களே கைவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்க முடியும்.

படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் என்னிடம் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "சூட்டில் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிப் போய்விடும்." போகாது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்ற பள்ளிப் பாடத்தை வைத்துக்கொண்டு, வெந்நீர் பட்டதும் ஆல்கஹால் மட்டும் தனியே பறந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தண்ணீரோடு கலந்தபின் அது அப்படிப் பிரிந்து போவதில்லை. கொதிக்கும் திரவத்தில் மதுவை ஊற்றி உடனே அடுப்பிலிருந்து இறக்கினால் 85 சதவீத ஆல்கஹால் அதிலேயே தங்கிவிடுகிறது என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. கால் மணி நேரம் கொதிக்கவிட்டாலும் 40 சதவீதம் மிஞ்சும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் கொதித்தும் 5 சதவீதம். ஹாட் டாடியோ கொதிப்பதே இல்லை. குளிர்ந்த குவளை, தேன், எலுமிச்சை என்று வெந்நீரின் சூடும் இறங்கிவிடும். பாட்டிலில் இருந்த போதை அனேகமாக முழுதாகக் குவளையில் இருக்கிறது. தேனும் புளிப்பும் காரத்தை மறைக்கின்றன, அவ்வளவே.

சரி, நன்றாகக் கொதிக்கவிடுகிறேன் என்று பாத்திரத்தில் விஸ்கியை ஊற்றிக் கேஸ் அடுப்பில் ஏற்றாதீர்கள். 40 சதவீத ஆல்கஹாலிலிருந்து எழும் ஆவி 26 டிகிரி சூட்டிலேயே தீப்பற்றும். நம் ஊர்ச் சமையலறை எப்போதும் அதைவிடச் சூடு. முகம் கருகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளுக்குக் கரண்டியில், மூடியில், பஞ்சில் நனைத்து என்று எந்த வகையிலும் மது வேண்டாம். நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பாட்டிமார்களே, உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரியாமல் கொடுத்திருந்தால் வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். நீங்கள் மறைக்கும் அரை மணி நேரத்தில் நாங்கள் மூளைக்காய்ச்சலைத் தேடிக்கொண்டிருப்போம்.

பெரியவர்கள் விஷயத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது மாத்திரை. சளிக்கு விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் தரும் குளோர்பெனிரமின் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு மேலே ஹாட் டாடியும் குடித்தால் தூக்கமும் தள்ளாட்டமும் பன்மடங்காகும். அதே மாத்திரையில் பாராசிட்டமாலும் இருக்கும். காய்ச்சலுக்கென்று தனியாக இன்னொரு பாராசிட்டமால் வேறு விழுங்குவார்கள். அன்றாடம் குடிப்பவரின் கல்லீரல் இதைத் தாங்காது.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனியுங்கள். காய்ச்சலில் சாப்பாடு இறங்காது, ஆனால் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போலப் போயிருக்கும். அதன் மேல் இரவில் மதுவும் சேர்ந்தால் விடியற்காலையில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். வியர்த்துக் கொட்டி உளறும் மனிதரிடம் விஸ்கி வாடை அடிப்பதால், "போதை தெளியட்டும்" என்று வீட்டார் போர்வையைப் போர்த்திவிடுகிறார்கள். போதை என்று முடிவுகட்டும் முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். சில நேரம் எங்கள் ஆட்களும் அந்த வாடையில் ஏமாந்துவிடுகிறார்கள்.

குடித்ததும் உடம்பு கதகதப்பாகிறதே என்கிறீர்களா? தோலுக்கு வரும் ரத்தம் கூடுவதால் வரும் உணர்வு அது. உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் குடித்துவிட்டு வெளியே உலாவப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

சளிக்கு இதமளிப்பது அந்தக் குவளையின் மற்ற பாதி. 2008-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் சளி ஆய்வு மையம் வெறும் சூடான பழச்சாற்றையே கொடுத்துப் பார்த்தது. மூக்கொழுகல், இருமல், தொண்டைக் கரகரப்பு எல்லாவற்றிலும் உடனடி நிம்மதி கிடைத்ததாக நோயாளிகள் சொன்னார்கள். ஆகவே கிராம்பும் பட்டையும் தட்டிப்போட்ட வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து, தேன் கலந்து குடியுங்கள். இஞ்சியும் சேர்க்கலாம். விஸ்கி வேண்டியதில்லை.

இந்தக் காக்டெய்லின் சுவைக்காகவே குடிக்க விரும்பும் பெரியவர், உடம்பு நலமாக இருக்கும் நாளில், மாத்திரை எதுவும் போடாத நாளில் வைத்துக்கொள்ளட்டும். 30 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். கண்ணளவு வேண்டாம், அளவுக் குப்பியை எடுங்கள். 42.8 சதவீத விஸ்கியில் 60 மில்லி ஊற்றினால் 20 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. குடித்தபின் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். மீந்த குவளையை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். தேன் வாசனைக்குக் குழந்தைகள் தேடி வருவார்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ, கலப்பதையும் காய்ச்சுவதையும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.