அணைத்த விளக்கு ஏன் மினுக்குகிறது?

"ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டியதிலிருந்து, சீலிங் லைட்டை அணைத்தாலும் நொடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னுகிறது. விளக்கு பழுதா, சுவிட்ச் பழுதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும்.

பல வீடுகளில் சுவிட்ச் பாக்ஸுக்குள் இரண்டே ஒயர்கள்: வருகிற ஃபேஸ் ஒன்று, விளக்குக்குப் போவது ஒன்று. மின்னோட்டம் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரல் மேலே விளக்கோடு நின்றுவிடும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் இருந்து கம்பியில்லாமல் வரும் கட்டளையைக் கேட்கும் ரேடியோவோ எப்போதும் விழித்திருக்க வேண்டும். நியூட்ரல் இல்லாத நிலையில், விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் வழியாகவே ஒரு மெல்லிய கசிவு மின்னோட்டத்தை ஓடவிட்டுத்தான் அது உயிர்வாழ்கிறது. குண்டு பல்பின் இழைக்கு அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை.

எல்இடி விளக்கின் கதை வேறு. அதற்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று, உள்ளே வரும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி ஒரு மின்தேக்கியில் (கெப்பாசிட்டர்) சேமிக்கிறது. சுவாரசியம் இங்கேதான் தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டு: மின்தேக்கி 4.7 மைக்ரோஃபாரட், கசிவு அரை மில்லி ஆம்பியர், டிரைவர் விழித்துக்கொள்வது 100 வோல்ட்டில் என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 வோல்ட் சேர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அப்போது மின்தேக்கியில் இருக்கும் ஆற்றல் 0.0235 ஜூல். 9 வாட் விளக்கு அதை 2.6 மில்லி நொடியில் குடித்துத் தீர்த்துவிடும். பளிச்! மறுபடி இருட்டு, மறுபடி ஒரு நொடிச் சேமிப்பு. வாசகர் சொன்ன அந்த "நொடிக்கு ஒருமுறை" கணக்கிலேயே வந்துவிடுகிறது பாருங்கள்.

ஒருவகை மழைமானியில் கவிழும் கிண்ணம் ஒன்று உண்டு. துளித்துளியாக நிறையும், ஒரு அளவு வந்ததும் சாய்ந்து கொட்டும், நிமிர்ந்து மறுபடி நிறையும். மழை சீராகப் பெய்தாலும் கிண்ணம் விட்டு விட்டுத்தான் கொட்டும். இங்கேயும் கசிவு சீரானது, வெளிச்சம் மட்டும் விட்டு விட்டு வருகிறது. அதற்குக் காரணம், டிரைவர் விழிக்கும் மின்னழுத்தமும் தூங்கும் மின்னழுத்தமும் ஒன்றல்ல என்பதே. விழிக்க அதிகம் வேண்டும். விழித்தபின் குறைவிலும் ஓடும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மினுக்கல் இல்லை. அப்படிப்பட்ட எளிய சுற்று கொண்ட சில விளக்குகள் மினுக்காமல், இரவெல்லாம் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். நியான் விளக்கில் இதே ஆட்டத்தை பியர்சன், ஆன்சன் என்ற இருவர் 1922-லேயே விவரித்திருக்கிறார்கள். நள்ளிரவில் யாருமில்லாத அறையில் விளக்கு தானாக மின்னினால் பயப்படுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் "பேய் இல்லை" என்று சொல்லி நிறுத்தாமல், இந்த மின்தேக்கியைப் பற்றிச் சொல்லுங்கள். காரணம் புரிந்தால் பயம் தானே போய்விடும்.

சரி, தீர்வு? கசிவுக்கு வேறொரு சுலபமான வழி கொடுப்பதுதான். விளக்குக்கு இணையாக, அதாவது சுவிட்சிலிருந்து வரும் ஒயருக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே, ஒரு பைபாஸ் மின்தேக்கியை மாட்ட வேண்டும். 0.47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 50 ஹெர்ட்ஸில் சுமார் 6.8 கிலோ ஓம் போல நடந்துகொள்ளும். அரை மில்லி ஆம்பியர் கசிவு அதில் எழுப்புவது 3.4 வோல்ட்தான். 100 வோல்ட்டுக்காகக் காத்திருக்கும் டிரைவர் அசையவே அசையாது.

இதற்கு ஏன் ஒரு மின்தடை போதாது? விளக்கு எரியும்போது 6.8 கிலோ ஓம் மின்தடைக்கு முழு 230 வோல்ட்டும் கிடைக்கும். கிட்டத்தட்ட 8 வாட் வெப்பமாக வீணாகும், ஏறக்குறைய இன்னொரு விளக்கின் செலவு! மின்தேக்கியிலும் அதே அளவு மின்னோட்டம் ஓடும், ஆனால் அது மின்னழுத்தத்துக்குக் கால் சுழற்சி முன்னால் ஓடுவதால், வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எனக்கு மின்தேக்கிமேல் இருக்கும் பிரியத்துக்கு இது ஒன்றே போதும்.

விளக்கு எரியும்போதே மினுக்கினால் காரணம் வேறு. சில ஸ்மார்ட் சுவிட்சுகளில் விளக்கை இயக்கும் டிரையாக் என்ற மின்னணுப் பாகம் கடத்திக்கொண்டே இருக்க ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும். சின்ன எல்இடி அந்த அளவு இழுக்காவிட்டால், டிரையாக் நடுவழியில் கடத்துவதை விட்டுவிடும். அதிக வாட் விளக்கு உதவும். சில சமயம் அதே பைபாஸும் உதவும். இந்தக் குறைந்தபட்சச் சுமையை நிறுவனங்கள் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட வேண்டும் என்பது என் கருத்து.

பைபாஸை சுவிட்சுக்குக் குறுக்கே மாட்டாதீர்கள். கசிவு இன்னும் கூடும். ஒரே சுவிட்சில் பல விளக்குகள் இருந்தால் பொதுவாக ஒன்று போதும். மின்தேக்கி மெயின்ஸுக்கென்று செய்த எக்ஸ்2 வகையாக இருக்கட்டும். எர்த் ஒயரை மட்டும் நியூட்ரலாகப் பயன்படுத்தவே கூடாது. அது உயிர் காக்க இருக்கும் ஒயர். மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். எப்போதாவது சுவரை உடைத்து ஒயரிங் மாற்றும் நாள் வந்தால், ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸுக்கும் ஒரு நியூட்ரலை இழுத்துவிடச் சொல்லுங்கள்.